மாப்பிள்ளைக்கு எடுத்த பச்சைக்கல்

போன தை மாதம், என் மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது தொடங்கியது இது. திண்டுக்கல் மணிக்கூண்டுப் பக்கம் ஒரு சந்துக்குள் கல் பதிக்கும் கடை இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு விளக்கு, அதற்குப் பின்னால் அறுபது வயதைத் தாண்டிய பாய் ஒருவர். அவரிடம் கல் எடுத்தால் ஏமாற மாட்டோம் என்று என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர் சொல்லியிருந்தார். நானும் மகளும் போனோம்.

எங்கள் பக்கம் இப்போதெல்லாம் நிச்சயத்தில் மோதிரம் மாற்றிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் போட வேண்டும். கல் எல்லாம் எதற்கு, சாதாரணத் தங்க மோதிரம் போதும் என்றுதான் மாப்பிள்ளை சொல்லியிருந்தார். நான்தான் கேட்கவில்லை. அவர் கன்னி ராசி. புதன் கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது, மரகதப் பச்சை போட்டால் சரியாகிவிடும், ஆனால் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், கையை விட்டுக் கழற்றக் கூடாது என்று ஜாதகம் பார்த்தவர் சொல்லிவிட்டார். எனக்கு ஒரே மகள். பலவீனம் என்ற அந்தச் சொல் என் காதை விட்டுப் போகவே இல்லை.

பாய் ஒரு வெள்ளைத் தாளைப் பிரித்து நாலைந்து பச்சைக்கல்லைக் கொட்டினார். ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்து, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை என்னிடம் தந்தார். கல்லுக்குள்ளே முடி முடியாக ஓடும் கீறல்கள் தெரிந்தன.

"இது குறை இல்லம்மா. பச்சையோட பிறவியே இப்படித்தான். பாக்க அம்புட்டு அழகு, ஆனா ஒரு அடி தாங்காது. மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

மாப்பிள்ளைக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் சொந்தமாகக் கடை. போர்வெல்லுக்குள் இறக்கும் மோட்டார்களைக் கழற்றி, செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டி, மறுபடி இறக்கித் தரும் வேலை. டிப்ளமா படித்தவர், நல்ல பெயர், நல்ல குணம். ஆனால் உறவுக்காரர்களின் மாப்பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருக்கும்போது, மெக்கானிக் என்று சொல்ல என் நாக்கு கூசியது.

"சொந்தமா பிசினஸ்" என்றேன்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இல்ல பாய், அவரு..." என்று ஆரம்பித்தாள். மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன்.

"உக்காந்து பாக்குற தொழில்னா பரவால்ல. கை வேலைன்னா இத நான் தர மாட்டேன்" என்றார் பாய்.

உட்கார்ந்து பார்ப்பதுதான் என்பதுபோல் தலையை ஆட்டினேன். கல்லைத் தூக்கலாக வைத்துப் பதிக்கச் சொன்னதும் நான்தான். நாலு பேர் கண்ணில் பட வேண்டாமா?

நிச்சயம் நன்றாகவே நடந்தது. மோதிரம் மாற்றி முடித்ததும் மாப்பிள்ளையைத் தனியாக அழைத்து, "தம்பி, ஒரு மண்டலத்துக்கு இதக் கழட்டவே கூடாது. குளிக்கிறப்பவும் கழட்டாதீங்க. எனக்காக" என்றேன். "சரிங்க அத்தை" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து நெய்க்காரப்பட்டியில் ஒரு காதுகுத்து. எங்களுக்கும் சொந்தம், அவர்களுக்கும் சொந்தம். மாப்பிள்ளை வந்திருந்தார். வந்ததிலிருந்து வலது கை பேன்ட் பைக்குள்ளேயே இருந்தது. பெரியவர்களைக் கும்பிடவும் அது வெளியே வரவில்லை. பந்திக்குக் கூப்பிட்டபோது வயிறு சரியில்லை என்று சொல்லி, உட்காராமலேயே கிளம்பிவிட்டார். என் நாத்தனார் பக்கத்தில் வந்து, "என்ன மதினி, மாப்பிள்ள மோதிரத்தக் கண்ணுலயே காட்ட மாட்டேங்குறாரு? வித்துத் தின்னுட்டாரா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளே பற்றி எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் போன் போட்டேன். "தம்பி, பொண்ணப் பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க. பத்திரிகை அடிக்கல இன்னும்" என்றேன். "அப்படியெல்லாம் இல்லீங்க அத்தை" என்றார். "அப்ப மோதிரம் எங்க?" என்று கேட்டதற்கு, "பத்திரமா இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. வேறு யாரோ ஒரு பெண் இருக்கிறாள் என்றே முடிவு கட்டிவிட்டேன். இந்தச் சம்பந்தம் வேண்டாம், ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள் என்று கணவரிடம் சொன்னேன். மகள் சமையலறை வாசலில் நின்று அழுதாள். "அம்மா, போன்ல எதுவும் பேசாத. ஒரு தடவ நேர்ல போயி அவரப் பாரு. அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேக்குறேன்" என்றாள்.

கணவர் எதற்கும் பதறாதவர். "சம்பந்தத்த முறிக்கணும்னாலும் நேர்ல போயித்தான் முறிக்கணும். செத்த பொறு, சட்டையப் போட்டுட்டு வாரேன்" என்றார். நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியம் வாக்கியமாகக் கட்டிக்கொண்டே போனேன்.

கடை ரோட்டோரத்தில் இருந்தது. தகரக் கொட்டகை, வாசலில் நீள நீளமான மோட்டார்கள். மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து, இடது கையால் ஸ்பேனரைப் பிடித்து ஒரு போல்ட்டோடு போராடிக்கொண்டிருந்தார். வலது கையின் மோதிர விரலில் பெரிய கட்டு. எங்களைப் பார்த்ததும் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். திருட்டுத்தனம் பிடிபட்ட பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம். நான் கட்டி வைத்திருந்த வாக்கியம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"என்ன தம்பி இது?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க அத்தை. சின்ன அடி."

உள்ளே காயில் கட்டிக்கொண்டிருந்த, அவரைவிட மூத்த கூட்டாளி சும்மா இருக்கவில்லை. "சின்ன அடியா? பைப்பு இறக்கறப்ப, அதப் பிடிக்கிற இரும்புக் கிளாம்புக்கு நடுவுல மோதிரம் சிக்கிப் போச்சுங்க. நானும் தினம் சொல்லுவேன், வேலை நேரத்துல அதக் கழட்டி வைடான்னு. அத்தைக்கு வாக்குக் குடுத்திருக்கேன்னு சொல்லி, கழட்டவே மாட்டேன்னுட்டான். ஆஸ்பத்திரில மோதிரத்த வெட்டித்தானுங்க எடுத்தாங்க. இன்னும் நூலளவு எறங்கியிருந்தா வெரலே போயிருக்குமுங்க."

நான் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை மேசை இழுப்பறையைத் திறந்து, பேரிங் வரும் சின்ன அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துத் தந்தார். உள்ளே பஞ்சு. பஞ்சின் மேல் வெட்டுப்பட்ட தங்க வளையமும், இரண்டாகப் பிளந்த பச்சைக்கல்லும்.

"கல்லு உடைஞ்சுதுன்னு தெரிஞ்சா நீங்க ரொம்பப் பயந்துக்குவீங்கன்னு சொல்லலீங்க. இதே மாதிரி ஒரு கல்லு கிடைக்குமான்னு பழனியில ரெண்டு கடை பாத்துட்டேன். கிடைச்சிருந்தா உங்களுக்குத் தெரியாமயே மாத்தியிருப்பேன்" என்றார்.

தன் வீட்டாரிடம் பைப் விழுந்து அடிபட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பெண் வீட்டு மோதிரத்தால் நடந்தது என்று தெரிந்தால் என் மகளை யாராவது ராசி இல்லாதவள் என்று சொல்லிவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். மகளுக்கு எல்லாம் தெரியும். என்னிடம் சொல்லக் கூடாது என்று இருவரும் பேசிவைத்திருக்கிறார்கள். நான் ஜாதகத்துக்குப் பயந்தேன். அந்தப் பிள்ளைகள் என் பயத்துக்குப் பயந்திருக்கிறார்கள்.

எழுந்து போய் அந்தக் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. "சாப்டீங்களா தம்பி?" என்று கேட்டேன். "இடது கையால ஸ்பூன் பிடிக்கப் பழகிட்டேனுங்க அத்தை" என்றார். அன்று அவர் ஏன் பந்தியில் உட்காரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கட்டுப் பிரித்த பிறகு நானும் மகளும் மாப்பிள்ளையும் அதே சந்துக்குள் போனோம். பாய் அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் கையைப் பார்த்தார். உள்ளங்கைக் காய்ப்பு, நகத்தோரம் போகாத கிரீஸ் கறுப்பு, புதிய தழும்பு. நான் சொன்ன பிசினஸ் என்னவென்று அந்தக் கையே சொல்லிவிட்டது. பாய் ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால்கூட எனக்குப் பாரம் குறைந்திருக்கும். "நான் இன்னொரு தடவ கேட்டுருக்கணும்மா. என் மேலயும் தப்பு இருக்கு" என்றுதான் சொன்னார்.

"மாப்பிள்ளை மெக்கானிக் பாய். போர்வெல் மோட்டார் இறக்குற வேலை" என்றேன், யாரும் கேட்காமலேயே. மகள் என் தோளில் லேசாக இடித்தாள்.

"அப்படிச் சொல்லுங்க. வைரத்த விட்டா கலர்க் கல்லுல கெட்டி, நீலமும் மாணிக்கமும்தான். ரெண்டும் ஒரே ஜாதிக் கல்லு, நிறம்தான் வேற. எது வேணும்?"

நீலம் என்றதும் என் முகம் மாறியிருக்க வேண்டும். சனியின் கல், ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆளையே கவிழ்த்துவிடும் என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டார். "அத்தை பயப்படாத கல்லாக் குடுங்க பாய்" என்றார். அந்தச் சந்தில் நின்று நான் அழுதுவிட்டேன்.

சின்னதாக, அடர் சிவப்பில் ஒரு மாணிக்கம் எடுத்தோம். கண்ணாடி ஊற்றிக் கீறலை மறைத்த கல் எது, நல்ல கல் எது என்று பாய் அருகருகே வைத்துக் காட்டினார். தூக்கலாக வேண்டாம் என்று இந்த முறை நானே சொன்னேன். தங்கத்துக்குள் மட்டமாக இறக்கி, எதிலும் மாட்டாதபடி சுற்றி மடித்துப் பதித்துத் தந்தார். கொடுக்கும்போது மாப்பிள்ளையிடம் ஒன்று சொன்னார்: "தம்பி, எம்புட்டு கெட்டிக் கல்லா இருந்தாலும் பைப்பு இறக்கறப்ப இதக் கழட்டி வச்சிடணும். கல்லு தாங்கும். விரல் தாங்காது." மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "கழட்டிடுங்க தம்பி" என்றேன்.

வைகாசியில் கல்யாணம் முடிந்தது. மருமகனின் கடையில் காலண்டர் மாட்டியிருக்கும் ஆணியில் காலையில் மோதிரம் ஏறும், சாயங்காலம் இறங்கும். போகும்போதெல்லாம் அந்த ஆணியைப் பார்ப்பேன். அதில் மோதிரம் தொங்கினால் எனக்கு நிம்மதி. ஆனாலும் பகல் நேரத்தில் மகளிடமிருந்து போன் வந்தால் இன்னும் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளிவிட்டுத்தான் அடங்குகிறது.

இப்போது மருமகனுக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும் மோட்டார் மெக்கானிக் என்று சத்தமாகவே சொல்கிறேன். விருந்துக்கு வரும்போது அவருக்குப் பரிமாறுவது நான்தான். முழுதாக மடங்காத அந்த ஒரு விரலை ஒதுக்கி அவர் சோற்றைப் பிசையும்போதெல்லாம், இதே வார்த்தையை அன்று அந்தச் சந்தில் சொல்லியிருக்கலாமே என்று என் கரண்டி ஒரு நொடி நின்றுவிடுகிறது.