டிரெசர் ஐயாவின் பிரசங்கங்கள்

எங்கள் சபையில் பெண்கள் வாய் திறக்கக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. பாடலாம். கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்கலாம். வேதபாடம் வாசிக்கலாம். ஞாயிறு பள்ளியில் பையன்களுக்கு மீசை அரும்பும்வரை கற்பிக்கலாம். வாசித்த வசனத்துக்கு என்ன பொருள் என்று சொல்வது மட்டும் ஆண்களின் வேலை. நான் மலேசியாவில் தம்பின் நகர நில அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவள். விதி என்று யாராவது சொன்னால் எண் என்ன, உட்பிரிவு என்ன என்று கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. சபையின் அமைப்பு விதிகளை இரண்டு தடவை படித்தேன். அப்படி ஒரு விதியே அதில் இல்லை. எழுதிய விதியை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். எழுதாததை என்ன செய்வது?

ஆலயம் கெமாஸ் சாலையிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையின் முடிவில், செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது. தோட்டத்தில் இப்போது எங்கள் ஆட்கள் யாரும் குடியிருக்கவில்லை. டவுனிலிருந்து காரிலும் மோட்டாரிலும் வருகிறோம். காலை எட்டு மணிக்குப் பனி இன்னும் தரையிலேயே கிடக்கும். கார் அதற்குள் நுழைந்ததும் மரங்களின் அடிப்பகுதி மறைந்துவிடும். மட்டைகள் மட்டும் மேலே மிதக்கும். ஆலயத்தின் தகரக் கூரை எங்கிருந்தோ ஒரு கப்பலைப் போல வந்து நிற்கும். அந்தப் பாதையில் நான் ஒருநாளும் ஐந்தாவது கியருக்குப் போனதில்லை.

போதகருக்கு நான்கு ஆலயங்கள். எங்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் கிடைக்கும். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் செய்ய அனுமதிச் சான்றிதழ் பெற்றவர் எங்கள் சபையில் ஒருவர்தான்: டிரெசர் ஐயா. தோட்ட மருத்துவமனையில் டிரெசராக, காயத்துக்கு மருந்து கட்டியே வயதானவர். சர்க்கரை நோய் அவருடைய கண்களைக் கொண்டுபோன பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"நான் போன்ல சொல்றேன்மா, நீ எழுதிக்க. ஞாயித்துக்கிழமை நீயே வாசிச்சிரு."

"பொம்பள பிரசங்கம் பண்றான்னு சொல்ல மாட்டாங்களாய்யா?"

"வாசிக்கிறது பிரசங்கம் இல்லலா. கீழ என் கையெழுத்து இருக்கும்ல."

நடைமுறை தெரிந்தவர். சபைக் குழுவும் ஒத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை மாலையில் அவர் சொல்வார், நான் எழுதுவேன். ஞாயிறு காலை ஆலய வாசலில் அவருடைய விரலைப் பிடித்துக் காகிதத்தின் அடியில் வைப்பேன். அவர் கையெழுத்துப் போடுவார். பிறகு நான் பீடத்தில் ஏறாமல், பக்கத்தில் உள்ள சிறிய மேசையில் நின்று வாசிப்பேன். அதனால் ஒரு சங்கடம் வந்தது. "என் மனைவி காலமான வருஷத்திலே" என்று, கல்யாணமே செய்துகொள்ளாத நான், சேலையைச் சரிசெய்தபடி மைக்கில் சொல்ல வேண்டியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முதலில் நான் சேர்த்தது ஒரே ஒரு வாக்கியம். மூன்றாவது பத்திக்கும் நான்காவதுக்கும் தொடர்பு இல்லை. கோப்பில் விட்டுப்போன குறிப்பைச் சேர்ப்பதுபோலச் சேர்த்தேன். அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. அடுத்த மாதம் ஒரு பத்தி சேர்ந்தது. பிறகு அவரே, "மீதிய நீ பாத்துக்கம்மா, ஒனக்குத் தெரியும்" என்று சொல்லத் தொடங்கினார். மழைக்காலம் முடிவதற்குள் வசனம் மட்டும் அவருடையது, மற்றதெல்லாம் என்னுடையது என்றாகிவிட்டது.

அந்த ஞாயிறுகளை இப்போது நினைத்தால் ஒரே நீண்ட காலைபோல இருக்கிறது. மின்விசிறி மெதுவாகச் சுற்றும். என் குரல் தகரக் கூரையில் பட்டு, சற்றுத் தாமதமாக, வேறு யாரோ பேசுவதுபோலத் திரும்பி வரும். முதல் வரிசையில் டிரெசர் ஐயா கண்களை மூடி உட்கார்ந்திருப்பார். நான் வாசிக்க வாசிக்க அவருடைய உதடுகளும் அசையும், அடுத்த வார்த்தை தெரிந்தவரைப்போல. முந்தின இரவு என் சாப்பாட்டு மேசையில் நான் எழுதிய வார்த்தை அவருக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை காரில் போகும்போது, "போன வாரம் நல்லா சொல்லிட்டேன், என்ன?" என்றார். கேலி செய்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. நிறைவாக இருந்தார்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்தபின் வரவில்லை. அலுவலகத்தில் எத்தனையோ கடிதங்களை நான் எழுத, அதிகாரிகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள், வருத்தமில்லை. இது அப்படியல்ல. வாழ்க்கையில் முதன்முறையாக நான் நம்புவதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் "நான்" என்று வரும் இடத்தில் மட்டும் நான் இல்லை.

அப்புறம் வேதத்தில் வரும் கூனியின் கதை வந்தது. பதினெட்டு வருஷம் நிமிர முடியாமல் இருந்தவளை இயேசு ஜெப ஆலயத்தில் முன்னால் கூப்பிட்டு நிமிர்த்துகிறார். ஆலயத் தலைவனுக்குக் கோபம்: ஆறு நாள் இருக்கிறதே, அப்போது வரக்கூடாதா, ஓய்வுநாளில்தான் வரவேண்டுமா? எதிரில் உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப்பேர், ரப்பர் மரத்தின் அடிப்பட்டையில் குனிந்து குனிந்து பால் வெட்டியவர்கள். எழுதி வைத்திருந்தது இதுதான்: "அந்தத் தலைவனை நமக்குத் தெரியும். எல்லாக் கவுன்டரிலும் அவன் இருக்கிறான்." வாய் வேறு சொன்னது.

"அந்தத் தலைவனை எனக்குத் தெரியும். நில அலுவலகக் கவுன்டரில் உட்கார்ந்துகொண்டு, நாளைக்கு வா என்று உங்களைத் திருப்பி அனுப்பியது நான்தான்."

கூரையிலிருந்து அது திரும்பி வந்தபோதுதான் எனக்கே கேட்டது. டிரெசர் ஐயாவின் உதடுகள் நின்றிருந்தன. பின்வரிசையில் ஒரு பாட்டாளிக் கிழவி, "ஆமா, என் பட்டாவுக்கு மூணு தடவ அலைய விட்டுச்சு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆராதனை முடிந்ததும் பின்னறையில் குழு கூடியது. குழுத் தலைவர் லாரிகள் வைத்துத் தொழில் நடத்துபவர், நல்ல மனிதர். எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் விசாரித்தார்.

"அக்கா, பேச்சு நல்லாத்தான் இருந்திச்சு. ஆனா அது யாரு பேச்சு?"

நான் வாய் திறப்பதற்குள் டிரெசர் ஐயா, "நான் சொன்னதுதான்" என்றார்.

"ஐயா, நீங்க ஆஸ்பத்திரிலலா இருந்தீங்க? கவுன்டர் ஏது?"

"மருந்து குடுக்கிற கவுன்டர் இல்லியா? நாளைக்கு வான்னு நான் எத்தன பேர அனுப்பிருக்கேன்!"

"நில அலுவலகம்னு சொன்னாங்களே ஐயா."

"வாசிக்கிறவங்க ஒரு வார்த்த தப்பா வாசிச்சிருப்பாங்க. அது ஒரு குத்தமா?"

எனக்காகப் பொய் சொன்னாரா, அல்லது உண்மையிலேயே அப்படி நம்பினாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் போட்ட வழி திறந்தே இருந்தது. தவறாக வாசித்தேன் என்று நான் தலையசைத்தால் அடுத்த ஞாயிறும் அந்தச் சிறிய மேசை என்னுடையது. கூட்டக் குறிப்பு எழுதுவதும் நான்தான். பேனா என் கையில் இருந்தது.

"திருத்தம்," என்றேன். "ஐயா பெரிய மனசோட சொல்றாங்க. இது நான் எழுதினது. தப்பா வாசிக்கல."

டிரெசர் ஐயா என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "நீ நல்லா எழுதியிருக்கம்மா" என்றார்.

தலைவர் அங்கிருந்தே போதகரைப் போனில் கூப்பிட்டார். தனக்குத் தனிப்பட்ட ஆட்சேபம் இல்லை, ஆனால் ஜனங்கள் இருக்கிறார்கள், மேலிடம் இருக்கிறது, யோசித்துச் சொல்வதாகச் சொன்னார் போதகர். ஒத்திவைப்பு எப்படி இருக்கும் என்று எனக்கா தெரியாது? அதுவரை ஐயா கையெழுத்துப் போட்ட பழைய பிரசங்கம் எதையாவது ஓர் ஆண் வாசிக்கட்டும் என்று முடிவானது. பழையவற்றை எழுதியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காத கோப்பை நானாக எடுத்து நீட்டியதும் இல்லை.

அடுத்த ஞாயிறு தலைவரே பீடத்தில் ஏறினார். அவர் எடுத்தது, இயேசுவின் கல்லறைக்குப் போய் அவர் உயிர்த்தெழுந்த செய்தியோடு திரும்பிய பெண்களைப் பற்றியது. நான் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே பனி விலகவில்லை. என் வாக்கியங்கள் கனத்த ஆண்குரலில் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன, தூக்கத்தில் யாரோ என் பெயர் சொல்லாமல் என்னைப் பற்றிப் பேசுவதுபோல. சாலையில் லாரியை ஓட்டுவதுபோல வாசித்தார். முற்றுப்புள்ளி எதுவும் அவரை நிறுத்தவில்லை. மூன்றாம் பக்கம் முடிந்ததும் நின்றார். அடியில் பார்த்தார். தரையில் பார்த்தார். நான்காம் பக்கம் இல்லை.

சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது.

"அந்தச் செய்தியைக் கொண்டு ஓடியவர்கள் பெண்கள்," என்றேன், உட்கார்ந்த இடத்திலிருந்தே. அடுத்த வரி அதுதான்.

"அந்தச் செய்தியைக் கொண்டு ஓடியவர்கள் பெண்கள்," என்றார் அவர், மைக்கில், மிகுந்த நிம்மதியோடு.

"ஆண்கள் அதை வீண்பேச்சு என்று நினைத்தார்கள்."

"ஆண்கள் அதை வீண்பேச்சு என்று நினைத்தார்கள்."

அப்படியே போனோம், நான் ஒரு வரி, அவர் ஒரு வரி. என் குரல், அவர் குரல், கூரையின் குரல். டிரெசர் ஐயாவின் உதடுகள் அசையவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான்காம் பக்கம் எங்கே முடிகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். முடிந்தது. அவர் காகிதங்களைத் தட்டி அடுக்கத் தொடங்கினார்.

"அந்தப் பெண்களை அனுப்பியவர்," என்றேன், "அனுப்பலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை."

"அந்தப் பெண்களை அனுப்பியவர், அனுப்பலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை," என்றார் தலைவர், பழகிய வேகத்தில். சொல்லிவிட்டு நிமிர்ந்தார். அப்படி ஒரு வரி எங்கும் எழுதியிருக்காது என்று அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. கழுத்தில் வழிந்த வேர்வையைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். மைக்கை அணைக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

அணைக்கவில்லை. கையில் இருந்த காகிதங்களைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த வரிக்காக என்னைப் பார்த்தபடி நின்றார்.