சரியாகிப் போன கணக்கு

அந்த ஆய்வு நிறுவனம் ஒரு காலத்தில் துணிக்கிடங்காக இருந்த மாடிக் கட்டடத்தில் இயங்கியது. மழை பெய்தால் சுவரிலிருந்து பழைய துணி வாடை கிளம்பும். மாநிலத்தின் வரவு செலவை அலசி, அடுத்த வருடம் வரியாக எவ்வளவு வரும், அது எதற்கெல்லாம் போதும், எதற்குப் போதாது என்று முன்கூட்டியே சொல்வது அவர்கள் வேலை. அரசாங்கத்துக்கு அவர்களைப் பிடிக்காது. பிடிக்கும்படி நடந்துகொள்ளவும் அவர்களுக்குத் தெரியாது.

அவளை அங்கே எல்லோரும் தசமக்கா என்றார்கள். யாராவது முழு எண்ணாக எதையாவது சொல்லிவிட்டால் போதும், "புள்ளிக்குப் பின்னால என்ன?" என்பாள். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அது மரியாதையா பயமா என்று அவள் கடைசி வரை விசாரிக்கவில்லை.

ஓய்வு பெற்று வருடங்கள் ஓடிவிட்டன. இன்றும் பட்ஜெட் நெருங்கினால் அவளுக்கு முதலில் ஞாபகம் வருவது அங்கே சாப்பாட்டு அறையில் மாட்டியிருந்த கரும்பலகை. இடப்பக்கம் அவர்கள் கணித்த எண், வலப்பக்கம் அமைச்சர் பட்ஜெட் உரையில் வாசித்த எண். அடுத்த பட்ஜெட் வரை யாரும் அழிக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் பார்த்துக்கொண்டே வருடம் முழுக்கச் சாப்பிட வேண்டும். "தப்பைப் பார்த்துக்கிட்டே சாப்பிடுங்க, நல்லா செரிக்கும்" என்பார் இயக்குநர். புத்திசாலிகள் கூடியிருந்த இடம் என்று அதைச் சொல்ல முடியாது. தங்கள் தப்பைச் சுவரில் மாட்டி வைக்கும் அளவுக்கு நேர்மை இருந்தது, அவ்வளவுதான். அதுவே எங்கும் கிடைப்பதில்லை என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவளுக்கு எதிரே உட்காருபவனைக் குடை என்பார்கள். வெயிலோ மழையோ, கையில் குடை இல்லாமல் அவன் படியேறியதில்லை. "ஏன்டா இது?" என்று கேட்டால், "முன்கூட்டியே சொல்றவன் எவனையும் நம்ப மாட்டேன்க்கா. நானும் அதுல ஒருத்தன்தானே" என்பான்.

வீட்டில் நிலைமை இன்னும் வேடிக்கை. அவள் கணவர் நிதித்துறையில், பட்ஜெட் தயாரிக்கும் பிரிவிலேயே அதிகாரி. அவள் வெளியே நின்று ஊகிக்கும் எண்ணை அவர் உள்ளே உட்கார்ந்து தயாரிப்பார். இது இரண்டு அலுவலகத்துக்கும் தெரியும். கல்யாணம் ஆனவுடனே அவர் தன் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அதனால் பட்ஜெட்டுக்கு முந்தைய வாரங்களுக்கு வீட்டில் வாய்ப்பூட்டு மாசம் என்று பெயர். மகள் வைத்த பெயர் அது.

"அப்பா, இன்னிக்கு மழை வருமா?"

"அரசு இன்னும் முடிவெடுக்கலம்மா."

"குழம்புல உப்பு சரியா இருக்குதாங்க?" என்று அவள் சமையலறையிலிருந்து கேட்பாள்.

"கருத்து சொல்றதுக்கில்ல."

மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிடும். அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு கண்டிப்பு இருந்தது. ஒரே தலையணையில் தலை வைத்துப் படுத்தார்கள். ஒரே எண்ணை இரண்டு பக்கமிருந்தும் நினைத்துக்கொண்டு, அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் தூங்கினார்கள்.

அந்த ஒரு வருடம் மட்டும் வேறு மாதிரி ஆனது. அச்சுக்குப் போகும் அறிக்கையைக் கடைசியாக ஒரு தடவை பார்ப்பதற்காக அவள் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் அது திறந்து கிடந்தது. அலுவலகத்திலிருந்து வந்த கணவர் நின்றபடியே தண்ணீர் குடித்தார். சாப்பாடு வேண்டாம், தலைவலி என்றார். தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்ப் படுத்தார். மறுநாளும் அங்கேதான்.

அடுத்த வாரம் பட்ஜெட். நிறுவனத்தில் எல்லோரும் வானொலியைச் சுற்றி நின்றார்கள். அமைச்சர் வரி வருவாயை வாசித்தார். குடை அதைக் கரும்பலகையின் வலப்பக்கம் எழுதினான். எழுதி முடித்துவிட்டு, சுண்ணக்கட்டியோடு அப்படியே நின்றான். இடப்பக்கம் இருந்த அதே எண். புள்ளிக்குப் பின்னாலும் அதே.

முதலில் கைதட்டல் கேட்டது. பிறகு ஒவ்வொருவராகத் தட்டுவதை நிறுத்தினார்கள். கணிப்பு என்பது பக்கத்தில் போய் விழுவது. அப்படியே மேலே போய் உட்காருவது இல்லை. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"அக்கா," என்றான் குடை மெதுவாக, "கொஞ்சமாவது தப்பா இருந்திருக்கக் கூடாதா?"

இரண்டு நாள் பத்திரிகைகள் புகழ்ந்தன. மூன்றாம் நாள், அவள் யாருடைய மனைவி என்று யாரோ எழுதினார்கள். ரகசியம் கசிந்திருக்கிறது என்று விசாரணை வைத்தார்கள். முடியும்வரை வர வேண்டாம் என்று கணவரிடமிருந்து மேசைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். நிரூபணமானால் வேலை போகும், பேரும் போகும். அவர் வீட்டிலேயே இருந்தார். மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார், செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரவானால் தலையணையோடு முன்னறைக்குப் போனார். தன் பையைத் துழாவி எண்ணை எடுத்துவிட்டாள் என்று நினைக்கிறார் போல என்று அவள் நினைத்தாள். கேட்க வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

விசாரித்தவர் ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரி. குரலை உயர்த்தாத மனிதர். அதுவே கலவரப்படுத்தியது.

"அம்மா, உங்க அறிக்கையில முறையை விளக்கமா எழுதியிருக்கீங்க. எங்க ஆளு அதே முறைப்படி போட்டுப் பார்த்தாரு. இந்த எண் வரல. வேற எண்தான் வருது. அப்ப இது எங்கேருந்து வந்துச்சு?"

அவள் அலுவலகத்துக்குத் திரும்பி, குடையை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, கணக்கை முதலிலிருந்து பிரித்தாள். மதியத்துக்கு முன்பே ஒரு தப்பு கிடைத்தது. வியாபாரிகளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய வரியை அவள் கழிக்கவே இல்லை. அதனால் வருவாய் கூடுதலாகிவிட்டது. சாயங்காலம் இன்னொன்று. அந்த வருடம் ஒரு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். அவள் பழைய பெயரில் இருந்த பாதியை மட்டும் சேர்த்து, புதிய பாதியை விட்டிருந்தாள்; அதனால் குறைந்துவிட்டது. கூடியதில் குறைந்தது போக மிஞ்சிய வித்தியாசம், அவள் எண்ணைச் சரியாக அமைச்சரின் எண்ணுக்கே தள்ளிவிட்டிருந்தது. எண் சரி. அதை எட்டிய வழி முழுக்கத் தப்பு.

குடை தலையில் கை வைத்துக்கொண்டான். "ரெண்டு தப்பு பண்ணினதுக்குப் பதிலா ஒண்ணு மட்டும் பண்ணியிருந்தா நீ தப்பிச்சிருப்பக்கா."

இயக்குநர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "வருவாய்ப் பிரிவுக்கு உன்னைத் தலைவராப் போடறதா இருக்கேன், தெரியும்ல? இதை வெளியே சொன்னா நம்மை யார் மதிப்பாங்க? அனுபவத்துல வந்த கணிப்புன்னு சொல்லிப் பார்க்கலாமே."

"அப்படிச் சொன்னா அவருக்கு வேலை போயிடும் சார்."

"உன் பேரு போயிடுமே."

"கரும்பலகையில தப்பை மாட்டி வைக்கச் சொன்னது நீங்கதானே சார்?"

அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

அவள் போய் இரண்டு தப்பையும் விளக்கினாள். தணிக்கை அதிகாரி உடனே நம்பவில்லை. எண்ணைத் தெரிந்துகொண்டு பின்னாலிருந்து தப்பை ஜோடித்திருக்கலாமே? ஆனால் அந்தக் கணக்கு, நிதித்துறை தன் எண்ணை முடிவு செய்வதற்கு வெகுமுன்பே, கருத்துக்காக ஒரு கல்லூரிப் பேராசிரியருக்குப் போயிருந்தது. அவரிடமிருந்து வரவழைத்துப் பார்த்தார்கள். அதே இரண்டு தப்பும் அப்படியே இருந்தன. பேராசிரியரும் கவனிக்கவில்லை.

"ரகசியம் தெரிஞ்சவங்க இவ்வளவு சுத்தி வந்திருக்க மாட்டாங்கம்மா," என்று முதன்முறையாகச் சிரித்தார் தணிக்கை அதிகாரி.

சாவி திரும்பி வந்தது. அன்றிரவு தலையணையும் திரும்பி வந்தது. குருட்டு அதிர்ஷ்டம் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. பிரிவுத் தலைமை குடைக்குப் போனது. அவன் ஒரு மாதம் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். அவள் கரும்பலகையில் இடப்பக்க எண்ணை அழித்துவிட்டு, தப்பில்லாமல் போட்டால் வரும் எண்ணை எழுதினாள். அது அமைச்சரின் எண்ணிலிருந்து நன்றாகவே தள்ளி நின்றது. உண்மையைச் சொல்லிவிடுவது வேறு, அதை அறிந்து சொல்வது வேறு. முதலாவது யாருக்கும் வாய்க்கலாம். அந்த வருடம் முழுக்க அவள் அந்தத் தூரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். நன்றாகத்தான் செரித்தது.

நிறுவனம் இப்போது கண்ணாடிக் கட்டடத்துக்குப் போய்விட்டது. கரும்பலகை போனதா என்று தெரியவில்லை. மகள் வேறு ஊரில் இருக்கிறாள், பட்ஜெட் அன்று மட்டும் போன் செய்து, "வாய்ப்பூட்டு கழண்டுதா?" என்று கேட்பாள். இந்த வருடமும் கேட்டாள். போனை வைத்த பிறகு, தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த கணவரிடம், இத்தனை வருடமாகக் கேட்காமல் விட்டதை அவள் கேட்டாள்.

"அந்த வருஷம் என்மேல சந்தேகப்பட்டீங்கதானே?"

அவர் ஒலியைக் குறைத்தார். "உன்மேலயா? எதுக்கு?"

"பையை எடுத்துப் பார்த்திருப்பேன்னு. முன்னறையில போய்ப் படுத்தீங்களே."

"பையில என்னைக்கு எண்ணை வெச்சிருந்தேன்? தலைக்குள்ளதானே இருந்துச்சு." ரிமோட்டைக் கீழே வைத்தார். "அன்னிக்கு மேசையில உன் அறிக்கையைப் பார்த்தேன். நாங்க அந்த வாரம்தான் முடிவு பண்ணின எண். அப்படியே இருக்கு. தூக்கத்துல உளறிட்டேன்னு நெனச்சேன். அதான் தலையணையைத் தூக்கிட்டுப் போனேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. "அப்பவே தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா? அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி, புள்ளிக்குப் பின்னால ஒண்ணை மாத்துன்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா அதுதானே கசிவு. சொல்லாததால செய்யாத தப்புக்கு மாட்டினேன். சொல்லியிருந்தா செஞ்ச தப்புலேருந்து தப்பிச்சிருப்பேன்."

"நான் உளறலைக் கேட்டு எழுதறவளா?"

"நீ எழுத மாட்டே. ஆனா காதுல விழுந்தா மனசுல ஒட்டிக்கும்ல? உன்கிட்ட கேட்கவும் பயம். ஆமா உளறினீங்கன்னு சொல்லிட்டா?" அவர் அவள் பக்கம் திரும்பினார். "உன் ரெண்டு தப்பும் கெடச்ச அன்னிக்குத்தான் நான் ஒழுங்கா தூங்கினேன்."

முன்னறையில் ஒருவரும் உள்ளறையில் ஒருவருமாக, ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு விழித்துக் கிடந்த அந்த இரவுகளை அவள் நினைத்துப் பார்த்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

திரையில் அமைச்சர் வரி வருவாய்க்கு வந்திருந்தார். ஒலி குறைவாக இருந்ததால் அவளுக்குக் கேட்கவில்லை.

"எவ்வளவுங்க சொன்னாரு?"

அவர் சொன்னார், முழு எண்ணாக.

"புள்ளிக்குப் பின்னால?"

"கருத்து சொல்றதுக்கில்ல," என்றார் அவர்.