பம்ப் ஓடுது, திரை நிக்குது

அன்புக்கரசிக்கு முட்டாள்களைக் கண்டால் ஆகாது. அவள் கணக்கில் கோயமுத்தூரில் முக்கால்வாசிப் பேர் அதில் அடக்கம். மதுக்கரையில் சிமெண்ட் மூட்டை சுமந்தவரின் மகள். பாலிடெக்னிக் முடித்து, ஒரு பம்ப் கம்பெனியின் சோதனைக் கூடத்துக்கு ஒற்றை ஆளாகப் புரோகிராம் எழுதியவள். அந்தத் திமிர் அவளுக்குக் கொஞ்சம் தகும்.

அந்தப் புரோகிராம்தான் இப்போது மானத்தை வாங்கியது. அதற்குள் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் ஓடும்: ஒன்று மீட்டரைப் படிக்கும், இன்னொன்று திரையில் எண்ணைக் காட்டும். பம்பைப் போட்ட பத்தாவது நிமிடம் திரை அப்படியே நின்றுவிடும். பம்ப் அது பாட்டுக்கு ஓடும். வியாழக்கிழமை பம்ப் வாங்குபவர்கள் பார்வையிட வருகிறார்கள். அதற்குள் சரியாகாவிட்டால் அவள் புரோகிராமைத் தூக்கிவிட்டு வேறொன்றை வெளியில் வாங்கிக்கொள்வதாக முதலாளி வெகு மரியாதையாகச் சொல்லியிருந்தார்.

வேறு வழியில்லாமல், சரவணம்பட்டி ஐ.டி. ஆட்கள் நிறைந்த வாட்ஸப் குழுவில் கேட்டாள். ஒருவன் கம்ப்யூட்டரை மாற்றச் சொன்னான். இன்னொருவன் கும்பிடும் கை எமோஜியைப் போட்டுவிட்டுக் காணாமல் போனான். குழுவின் பெரிய தலை பாலகோபால், தான் பேசிய இரண்டு மணி நேர வீடியோவை அனுப்பினார். அதில் பாதி அவருடைய பெருமை. தூ.

கடுப்பில் பழைய செய்திகளைத் துழாவினாள். இரண்டு வருடத்துக்கு முன் ஹர்ஷிணி என்ற பெண் இதே சிக்கலைக் கேட்டிருந்தாள். கீழே ஒரே ஒரு பதில்: "மொதல்ல அடிப்படையைப் படிச்சுட்டு வாங்க." அனுப்பியது அன்புக்கரசி.

வெட்கக்கேடு. இருந்தாலும் புதன்கிழமை காலை ஹர்ஷிணியின் எண்ணுக்கு அழைத்தாள்.

பெருந்துறையில் வேலையிலிருந்த ஹர்ஷிணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: திரை நிற்கும்போது அந்த இரண்டு வேலையும் எந்தெந்த வரியில் நிற்கின்றன? அன்புக்கரசி போய்ப் பார்த்தபோது விடை அங்கேயே கிடந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எண்ணைத் தொட்டுக் குழப்பாமலிருக்க, புரோகிராமில் ஒரு பொதுப் பூட்டுப் போட்டிருந்தாள்; அதை வைத்திருக்கும் வேலைதான் எண்ணைத் தொடலாம். மீட்டர் வேலை அந்தப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரைக்காகக் காத்திருந்தது. திரை அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது. வாசலில் "நீங்க மொதல்ல போங்க" என்று உபசரித்தபடியே நிற்கும் இரண்டு சம்பந்திகள்.

"எண்ணைத் திரைகிட்டக் குடுத்துப்போட்டு, பதிலுக்கு நிக்காம மீட்டர் வேலை பூட்டை விட்டுட்டு அடுத்ததுக்குப் போகட்டுமுங்க," என்றாள் ஹர்ஷிணி.

அன்புக்கரசி நான்கு வரிதான் மாற்றினாள். சாயங்காலம் வரை பம்பும் ஓடியது, எண்ணும் ஓடியது.

நன்றி சொல்ல அழைத்தவள், பழைய பதிலுக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். ஹர்ஷிணி முந்திக்கொண்டாள்.

"அதுக்கென்னங்க அக்கா. அடிப்படை தெரியாதவிங்களுக்குச் சொல்லித்தர ஒருத்தராச்சும் வேணுமில்லீங்களா."

மரியாதையில் ஒரு குறையும் இல்லை.