ஒரு செதிலா, மூன்று செதிலா

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் தாவரவியல் டியூட்டராகச் சேர்ந்த புதிதில், நான் புல்லைக்கூட லத்தீன் பேர் சொல்லித்தான் மிதிப்பேன். ஊரே நாம் திருவனந்தபுரத்தோடா, சென்னையோடா என்று கட்சி கட்டி நின்ற வருஷங்கள் அவை. எங்கள் துறையில் கட்சி வேறு.

காரணம், அஞ்சுகிராமத்தில் என் அக்காவின் கத்தரித் தோட்டம். அத்தான் இறந்தபின் அந்தத் துண்டு நிலம்தான் அவளுக்கு எல்லாம். கத்தரித் தூரில் இலையே இல்லாத வெளிறிய முளைகள் கிளம்பியிருந்தன. புகையிலைக் காளான் என்பார்கள். காளான் இல்லை, அடுத்த செடியின் வேரில் வாய் வைத்து உறிஞ்சிப் பிழைக்கிற செடி. இரண்டைத் துறைக்குக் கொண்டுபோனேன். ஒற்றைத் தண்டு, ஆகவே இன்ன இனம் என்றார் துறைத்தலைவர். அடியில் கிளைத்திருக்கிறது, ஆகவே மற்ற இனம் என்றார் அவருக்கு அடுத்தவர். அதோடு இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டு என் மூலமாகவே சண்டை போட்டார்கள்.

நான் புத்தகத்தைப் புரட்டி வழி கண்டுபிடித்தேன். பூவின் அடியில் செதில் ஒன்றா, மூன்றா என்று எண்ணினால் போதும். பூக்கும்வரை பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஏலே, பிடுங்கிப் போட்டிரட்டா? கத்தரி வாடுது," என்றாள் அக்கா.

"தொடாதக்கா. பூக்கட்டும்."

காலேஜில் பாடம் சொல்லிக்கொடுக்கிற தம்பி சொன்னால் அப்பீல் ஏது? உடைமுள் வெட்டி அந்த முளைகளைச் சுற்றி வேலி போட்டாள். களையெடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரியை, "ஏட்டி, தம்பி சொல்லியிருக்கான், அதுல கை வைக்காத," என்று தடுத்தாளாம். கத்தரிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினாள். குடித்தது யார் என்று எனக்குத் தெரியும்.

பூத்தது. ஊதா நிறத்தில் அழகாகவே இருந்தது. லென்ஸை வைத்து எண்ணினேன், மூன்று. துறைத்தலைவர் தோற்றார், அடுத்தவர் எனக்கு டீ வாங்கித் தந்தார். எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். சில வாரம் அந்த மிதப்பிலேயே திரிந்ததில் தோட்டம் நினைவுக்கே வரவில்லை. அதற்குள் காய் வெடித்து, பொடி போன்ற விதை மண்ணெங்கும் கொட்டிவிட்டது. வருஷக்கணக்கில் சாகாமல் கிடக்கிற விதை.

அடுத்த பருவத்தில் தூருக்குத் தூர் எழுந்து நின்றது. வெட்கத்தோடு ஒன்றைப் பிடுங்கி, பழக்க தோஷத்தில் லென்ஸில் பார்த்தேன். விரியாத மொட்டின் அடியில் மூன்று செதிலும் தெளிவாகத் தெரிந்தன. போன வருஷம் துறைக்குக் கொண்டுபோனவற்றிலும் மொட்டு இருந்தது. அன்றைக்கே எண்ணியிருக்கலாம்.

"என்னலே, இதுவும் பூக்கணுமா?" என்றாள் அக்கா.

அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டுவிட்டு, நான் சொல்வதற்காகக் காத்து நின்றாள்.