வசந்தாமணி ஓட்டிய கோர்ஸ்

மோகனூர் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் வசந்தாமணிக்குக் குரல் கொஞ்சம் பெரிது. கொஞ்சம் என்றால், அவள் பண்ணைக்குள் நின்று "ஏனுங்க" என்று புருஷனைக் கூப்பிட்டால், காவிரிக்கு அக்கரையில் நாலு ஆம்பளைகள் "என்ன புள்ள" என்று திரும்பிப் பார்ப்பார்கள். முட்டையிட மறந்த கோழிகூட அவள் செருப்புச் சத்தம் கேட்டால் ஒன்றுக்கு இரண்டாக இட்டு வைக்கும் என்று ஊரில் பேச்சு. இரண்டு கொஞ்சம் அதிகம்தான். ஒன்றரை என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் செருப்புதான் ஒருநாள் அவளுக்குச் சேதி சொன்னது. தீவனம் போட்டுவிட்டு வெளியே வந்தவள், வலது செருப்பு பிசுபிசுக்கிறதே என்று குனிந்து பார்த்தாள். ரத்தம். கூண்டுக் கம்பி கட்டைவிரலைக் கிழித்திருந்தது. வலி மட்டும் இல்லை. சர்க்கரை பல வருஷமாகக் குடியிருந்த கால் அது. மரத்துப் போயிருந்தது. ஈட்டி வந்து குத்தினாலும் 'யாரது' என்று கேட்காது.

புண் ஆறவில்லை. நாமக்கல்லில் அவளுக்குச் சர்க்கரை பார்க்கும் டாக்டர் குருமூர்த்தியிடம் காட்டினாள். குருமூர்த்தி நல்ல மனுஷர். வாசலில் திருவிழாக் கூட்டம் நிற்பதால் பேச்சு மட்டும் பிரேக் இல்லாத லாரி. புண்ணைப் பார்த்தார், மாத்திரையைக் கூட்டினார். அடுத்த முறை பார்த்தார், இன்னும் கூட்டினார். மூன்றாவது முறை பேனாவைத் திறந்தபடியே சொன்னார்.

"வாயைக் கட்டுங்கம்மா. அடுத்த தடவையும் புண்ணு இப்படியே இருந்தா, விரலை எடுக்கற மாதிரி ஆயிரும்."

வசந்தாமணிக்கு அன்றைக்குக் குரலே எழும்பவில்லை. பஸ்ஸில் வரும்போது வலது காலை இடது காலுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டே வந்தாள், யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் போல.

அன்றிலிருந்து புருஷன் மயில்சாமி காவல்காரர் ஆகிவிட்டார். வெல்லம் வீட்டை விட்டு வெளியேறியது. வாழைப்பழம் வெளியேறியது. இனிப்புக் கடைக்காரர் கொடுத்த காலண்டரில் லட்டுப் படம் இருந்ததால் அதுவும் சுவரை விட்டு இறங்கியது. கரும்பு ஆலைப் பக்கமிருந்து காற்றடித்தால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"ஏனுங்க, காத்துலயுமா சர்க்கரை வருது?"

"வரும். நீதான் மூக்குலயே தின்னுபோடுவியே."

இவ்வளவு செய்தும் புண் அப்படியே இருந்தது. மயில்சாமிக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. இவள் எங்கேயோ ஒளித்து வைத்துத் தின்கிறாள். தீவன மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவினார். கோழிகள் அவரைப் பார்த்த பார்வையில் அவருக்கே வெட்கமாகிவிட்டது. ஆனால் வசந்தாமணி சத்தியமாக ஒரு கற்கண்டுகூடத் தொடவில்லை. செய்யாத திருட்டுக்குத் திட்டு வாங்குவது அவளுக்குப் புண்ணைவிட அதிகமாக வலித்தது.

மறுபடி டாக்டரிடம் போகும் நாள் வந்தது. இருவரும் போனார்கள். புண் ஆறியிருக்கவில்லை என்று கட்டைப் பிரிக்காமலே அவளுக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனைத் தாளை டாக்டர் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பேனாவை மூடிக் கீழே வைத்தார். குருமூர்த்தி பேனாவை மூடி அந்தச் சீமையில் யாரும் பார்த்ததில்லை.

"ஏம்மா, காலையில வெறும் வயித்துல எடுத்த சர்க்கரை நல்லா இருக்கு. ஆனா மூணு மாசத்துச் சராசரின்னு ஒண்ணு இருக்கு. அது படு மோசம். ரெண்டும் ஒத்து வரலையே."

மயில்சாமி முந்திக்கொண்டார். "திருட்டுத் தீனிங்க டாக்டரு. நாங் கண்டுபிடிக்கிறதுக்குள்ள மென்னு முழுங்கிப்போடறா."

"கம்முனு இருங்க. அதென்னங்க சாமி சராசரி?" என்றாள் வசந்தாமணி.

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு நாள் முட்டையை மட்டும் பார்த்து, கோழி எப்படின்னு சொல்லிருவீங்களா?"

"அதெப்படிங்க சொல்றது. முச்சூடும் பாக்கோணும். ஏவாரி வர்ற அன்னிக்கு மேல் அட்டையில பெரிய முட்டையா எடுத்து அடுக்கிப்போட்டா, அடியில இருக்கறது யாருக்குத் தெரியும்?"

"அதேதான். நீங்க எனக்கு மேல் அட்டையை மட்டும் காட்டறீங்க. அடி அட்டையில என்ன இருக்கு? மாத்திரை சாப்பிடறீங்கல்ல?"

"சாப்புடறனுங்க."

இந்தக் கேள்வியை அவளிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். அவளும் இதையே சொல்லியிருக்கிறாள். பொய்யில்லை. அத்தோடு கேட்டவர்களும் போய்விடுவார்கள். டாக்டர் இந்தத் தடவை அத்தோடு விடவில்லை.

"எப்படிச் சாப்பிடறீங்க? இங்கிருந்து போன தடவை ஊட்டுக்குப் போனீங்களே, அன்னில இருந்து சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க."

மெதுவாக என்று வசந்தாமணியிடம் சொன்ன முதல் டாக்டர் அவர்தான். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள்.

"நீங்க சொன்னாப்பலதானுங்க. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அஞ்சு நாள் கோர்ஸ் ஓட்டிப்போட்டு நிறுத்திப்போடுவனுங்க. பொறவு தண்ணி தவிச்சாலோ, அசதியா இருந்தாலோ மறுக்கா ஒரு கோர்ஸ். இங்க வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு. அது மறக்கவே மாட்டனுங்க."

"நிறுத்திருவீங்களா?"

"பின்ன? கோழிக்குச் சளி புடிச்சா தண்ணியில மருந்து கலந்து அஞ்சு நாளைக்கு உடுவமுங்க. சளி போயிருச்சுன்னா நிறுத்தோணும். மேல மேல ஊத்திட்டே இருந்தா ஈரலு கெட்டு, கோழி சொங்கிப் போயிருமுங்க. கோழிக்கே அப்படின்னா எனக்கு? அதனால கோர்ஸ் முடிஞ்சா ஈரலுக்கும் பாத்துக்குவனுங்க."

மயில்சாமி திடுக்கிட்டார். "ஏம்புள்ள, பண்ணையில ஈரல் டானிக் கேன் சீக்கிரமாத் தீந்துச்சே. அதையா குடிச்ச?"

"அது கோழிக்கே பத்தல. நான் கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சேன்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். சிரிக்கவும் செய்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு சொன்னேன். எத்தனை நாளைக்குன்னு நான் சொல்லவே இல்ல. நீங்க இனிப்பு திங்கறீங்கன்னு நெனச்சு மாத்திரையைக் கூட்டிக்கிட்டே போயிருக்கேன்."

"நானுந்தான் லட்டுப் படத்தக் கழட்டினேன்" என்றார் மயில்சாமி மெல்ல.

டாக்டர் ஒரு தாளை இழுத்துக் கணையத்தை வரைந்தார். வசந்தாமணி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். நல்ல கோவைக்காய். அவர் அம்புக்குறி போட்டார். கோவைக்காயில் ஈட்டி பாய்ந்தது. அவள் பணிவாக "சரிங்க" என்றாள். அந்தச் 'சரிங்க'வில் ஒன்றுமே ஏறவில்லை என்பது டாக்டருக்கே தெரிந்துவிட்டது. தாளைத் தள்ளி வைத்தார்.

"கோழிக்கு நிறுத்தாமக் குடுக்கறது ஏதாச்சும் இருக்கா?"

"தீவனம், தண்ணி. அப்பறம் லைட்டுங்க. பொழுது போனாலும் கொஞ்ச நேரம் லைட்டு எரியோணும். அப்பத்தான் முட்டை குறையாது."

"முட்டைதான் நல்லா வருதேன்னு லைட்டை அணைச்சுட்டா?"

"அணைக்கறதாவது. லைட்டு எரியறதுனாலதான வருது. நாலு நாள் அணைச்சாப் போச்சு. அப்பறம் ஊரு லைட்டையெல்லாம் புடுங்கியாந்து போட்டாலும் லேசுல ஏறாதுங்க."

சொல்லிவிட்டு அவள் குனிந்து கட்டுப் போட்ட விரலைப் பார்த்தாள்.

"அப்ப இது சளி மருந்து இல்லீங்களா சாமி. லைட்டுங்களா."

"லைட்டுதான்."

"அப்ப என்ற ஈரலு?"

"கேட்டது நல்லது. இப்பவே ரத்தம் எடுத்து ஈரல், கிட்னி ரெண்டையும் பார்த்துருவோம். இனி அப்பப்ப பார்த்துக்கலாம். கெடுதல் வந்தா நான் மாத்தித் தர்றேன். நீங்களா நிறுத்தக் கூடாது. இன்னொண்ணு, நான் கூட்டி வெச்ச மாத்திரையை அப்படியே தினமும் போட்டா சர்க்கரை சரசரன்னு இறங்கிரும். அதனால குறைச்சுத் தர்றேன். படபடன்னு வேர்த்து, கை நடுங்கினா உடனே ரெண்டு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடிச்சுட்டு எனக்குப் போன் பண்ணுங்க."

"சர்க்கரைங்களா?" மயில்சாமிக்கு உலகமே தலைகீழாகிவிட்டது. "ஊட்டுல ஒரு பொட்டுகூட இல்லீங்களே."

"வாங்கி வைங்க."

வசந்தாமணி புருஷனைப் பார்த்த பார்வையில் ஒரு மூட்டைச் சர்க்கரை இருந்தது.

டாக்டர் எழுந்து நின்றார். "வாங்கம்மா, என் நாற்காலியில உக்காருங்க. நீங்க டாக்டர். நான் வசந்தாமணி. எனக்கு மாத்திரையைப் பத்திச் சொல்லி அனுப்புங்க."

அவள் மறுத்தாள். அவர் விடவில்லை. உட்கார்ந்ததும் அவளுக்குப் பழைய குரல் வந்துவிட்டது.

"என்னம்மா வசந்தாமணி, மாத்திரை போடறியா?"

"போடறனுங்க" என்றார் டாக்டர், கையைக் கட்டிக்கொண்டு.

"இந்தப் பேச்செல்லாம் வேண்டாம். எப்புடிப் போடறே? காலையிலயும் ராத்திரியும், சோத்தோட, தெனமும். நோம்பி, பண்டிகைன்னாலும் போடோணும், எழவு ஊட்டுக்குப் போனாலும் போடோணும்."

"புண்ணு ஆறிப்போச்சுன்னா நிறுத்திரலாமுங்களா?"

"லைட்டை அணைப்பியா? புண்ணு ஆறறதே அதனாலதான்."

"கை நடுங்குச்சுன்னா?"

"சர்க்கரைத் தண்ணி. ஊட்டுக்காரன் தடுத்தா அவனுக்கும் ஒரு டம்ளர் ஊத்து. பொறவு எனக்குப் போன் போடு."

வெளியே காத்திருந்தவர்கள் எல்லாம் உள்ளே புது டாக்டரம்மா வந்திருக்கிறார், ரொம்பக் கறார் என்று பேசிக்கொண்டார்கள்.

அதன் பிறகு வசந்தாமணியின் வீட்டில் மாத்திரை தவறவில்லை. கையில் நடுக்கம் ஏதும் வரவில்லை. ஆனாலும் மயில்சாமி ஒரு டப்பாவில் சர்க்கரை வாங்கி வைத்துத் தினமும் அதை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புண்ணுக்கு வாரம் தவறாமல் கட்டு மாற்றினார்கள். ஈரல் சுத்தமாக இருக்கிறது என்று தாள் வந்தது. கோழிக்கறிக் கடைக்காரர் பார்த்தால் நல்ல விலை போகும் என்று மயில்சாமி சொன்னார்.

புண் அவசரப்படவில்லை. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்து, மெதுவாக மூடிக்கொண்டே வந்தது. மழைக்காலம் முடிகிற சமயத்தில் டாக்டர் கட்டைப் பிரித்து, அழுத்திப் பார்த்து, சராசரித் தாளையும் பார்த்தார்.

"அடி அட்டையும் தேறிருச்சு. விரலை எடுக்க வேண்டியதில்லம்மா. மரத்த காலு மரத்த காலுதான். தினமும் குனிஞ்சு பாத்துக்குங்க. செருப்பு மூடினதா வாங்குங்க."

"தெனமும் பாக்கறனுங்க. கோழியக்கூட அப்புறந்தானுங்க பாக்கறது."

வெளியே வந்தால் கூட்டம் முன்னைவிட நீளமாக இருந்தது. குருமூர்த்தி இப்போது வருகிற ஒவ்வொருவரிடமும் "எப்படிச் சாப்பிடறீங்க, சொல்லுங்க" என்று கேட்கிறாராம். கேட்டால் சனம் விடுமா? உள்ளே போன ஒரு பெரியவர் தன் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்திருந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் கொட்டாவி விட்ட விடுதலில் மேலே மின்விசிறி சுற்றியது.

"எல்லாம் உன்னாலதான் புள்ள. இனி இங்க வந்தா ராச்சோத்தையும் கட்டிட்டுத்தான் வரோணும்" என்றபடி மயில்சாமி வேகமாகப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

"மெதுவா நடங்க" என்றாள் வசந்தாமணி. "எனக்கு அஞ்சு வெரலும் கூட வரோணுமல்ல."