குச்சியில் வராத கால்

குத்தூசி தோலில் இறங்கியது. அந்தத் துளையில் இரண்டு பக்கமிருந்தும் மெழுகு நூல் நுழைந்தது. கைகள் நூலை இழுத்து இறுக்கிவிட்டு அடுத்த துளைக்கு நகர்ந்தன.

அவை ஹார்க்லெஸின் கைகள். கென்டக்கியில் ஒரு பண்ணையில் இருபது வருடம் அடிமையாக இருந்து பூட்ஸ் தைத்தவன். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது; போன மாதம் எங்களோடு ஓடிவந்து வடக்குப் படையில் சேர்ந்தான். பட்டியலில் பெயர் ஏறியதும் நாங்கள் யாருக்கும் சொந்தமில்லை என்றாகிவிட்டது. உடல் தகுதி இல்லை என்று படை டாக்டர் கழித்துவிட்டவர்கள் மட்டும் பழைய முதலாளியிடமே திரும்ப வேண்டும்.

எங்களோடு ஓடிவந்த ரூபினை டாக்டர் கழிக்கப் பார்த்தார். முன்பு ஒருமுறை தப்பியோடிப் பிடிபட்டபோது அவனுடைய இடது காலில் மூன்று விரல்களை முதலாளி வெட்டியிருந்தான். ரூபின் மன்றாடியதில் டாக்டர் கொஞ்சம் இறங்கிவந்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் மத்தவங்களோட ஆத்துத்துறை வரைக்கும் நடந்துட்டு வா. நொண்டாம வந்தா கையெழுத்துப் போடுறேன்."

கிடங்கில் கொடுத்த பூட்ஸ் காலில் நிற்கவில்லை. மறுநாள் விடிந்ததும் ரூபின் தன் பாத நீளத்துக்கு ஒரு குச்சி வெட்டி ஹார்க்லெஸிடம் கொடுத்தான். பண்ணைகளில் அதுதான் வழக்கம். கங்காணி ஆளுக்கொரு குச்சியாகக் கட்டி அனுப்புவான். குச்சியைப் பார்த்து ஹார்க்லெஸ் தைப்பான். இடது, வலது என்று கிடையாது. எதை எந்தக் காலிலும் மாட்டலாம். தைத்ததைப் போடுகிறவனின் காலை அவன் பார்த்ததே இல்லை.

அப்படித்தான் இதையும் தைத்தான். நண்பகலில் ரூபின் போட்டுப் பார்த்தான். பத்தடிக்குள் இடது பூட்ஸ் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. வெறுங்காலைவிட மோசமாக நொண்டினான்.

"என்னடா, வாத்து மாதிரி நடக்கற?"

"நீ வாத்துக்குத் தச்சா வேற எப்படி நடக்கிறது?"

"குச்சி அளவு சரியாத்தானே இருந்துச்சு?"

"நல்ல கால்லதான் வெச்சு வெட்டினேன்."

ஹார்க்லெஸ் குத்தூசியைக் கீழே வைத்தான். பிறகு தன் மடியைத் தட்டினான். "காலை இங்க வை."

"அழுக்குடா."

"கழுவிட்டு வைக்க நீ என்ன மாப்பிள்ளையா? வை."

அந்தப் பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்தான். தழும்பை மெல்ல அழுத்தி, எங்கே வலிக்கிறது என்று கேட்டுக்கொண்டான். பலகையில் நிற்கவைத்துக் கரியால் சுற்றிக் கோடு போட்டான். புறங்காலைத் தோல்வாரால் சுற்றி அளந்தான். அந்த அளவுக்கு மர அச்சைச் செதுக்கி, இடது பூட்ஸைப் பிரித்து, அதன்மேல் புதிதாக வளைத்தான். விரல்கள் இல்லாத இடத்தில் கம்பளி அடைத்தான். குதிகாலை இறுக்கிப் பிடிக்க உள்ளே இன்னொரு தோல் வைத்துத் தைத்தான். ரூபின் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் எதிரே உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் அணிவகுக்க முரசு கேட்டது. ரூபின் பூட்ஸை மாட்டிக்கொண்டு தண்ணீர்ப் பீப்பாய் வரை நடந்து திரும்பினான். ஹார்க்லெஸ் அவனைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டான். கெட்டித் தரையில் இரண்டு காலும் ஒரே மாதிரி விழுந்தன.

"இடது காலைக் கழட்டு."

"நேரமாச்சுடா! எல்லாரும் நிக்கிறாங்க!"

உள்ளே, அடித்தோலில் அடித்த மர ஆணி ஒன்று துளி நீட்டியிருந்தது. ஹார்க்லெஸ் அதை அரத்தால் தேய்த்தான். விரல்விட்டுத் தடவிப் பார்த்து, சட்டைக் கையால் தூசியைத் துடைத்து நீட்டினான்.

"இந்தா. அவசரத்துல மத்த கால்ல மாட்டிடாதே."