புது ஆல்பம் வந்த அன்று

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பஸ்ஸில், டூட்டி முடிந்து வீடு திரும்பும் ஒரு நர்ஸம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைக் கோட்டை மடித்து மடியில் வைத்து, அதன்மேல் விரல்களால் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். நான் கவனிப்பதைப் பார்த்ததும் இயர்போனில் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

“கேளுங்க சார், ராக் மியூசிக். நாலு வருசம் கழிச்சி இன்னிக்குதான் புது ஆல்பம் உட்டுக்கிறாங்க. மலையில சிக்னல் இருக்காதுன்னு கீழயே டவுன்லோட் பண்ணிக்கினேன்.”

என் காதுக்கு அது தகரக் கூரையில் விழும் ஆலங்கட்டி மழை.

“பழைய டிரம்ஸ்காரரு போயிட்டாரு. இனிமே இந்த பேண்ட் தேறாதுன்னுதான் நெனச்சேன். புதுசா வந்த பொண்ணு இன்னா அடி அடிக்குது பாருங்க! பாடறவரு குரல்தான் கொஞ்சம் கம்மியாயிடுச்சி. அதையும் இவ தூக்கி நிறுத்திட்டா!” சொல்லும்போதே அவர் கண்கள் கலங்கிவிட்டன.

மலையேறி ஓர் ஊரில் பஸ் நின்றது. “யக்கா, உங்க ஸ்டாப்பிங்,” என்றார் கண்டக்டர்.

“நீ போப்பா. கடைசிப் பாட்டு ஓடிக்கினு இருக்குது.”

வெள்ளிமலையில் இறங்கி, கீழே போகும் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். “மறுபடியும் மொதல்லேர்ந்து கேக்கப் போறேன் சார்!” என்று ஜன்னல் வழியே கத்தினார்.

அந்த முறையாவது தன் ஊரில் இறங்கினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.